அடுப்பேறாத பால்

அன்புள்ள மகன்,

கலியாணம் முடிந்து உன்னைத் துறையில் தோணி ஏற்றியபோது நான் சொன்ன புத்திமதியை இந்தக் கடிதத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். "மாமி வீட்டில் எதை வைத்தாலும் தின்னு, எதைத் தந்தாலும் குடி, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே" என்றேன் அல்லவா? பெண் வீட்டுக்கு வாழப் போகிற மாப்பிள்ளைக்கு நம் பக்கத்துத் தகப்பன்மார் எல்லோரும் சொல்வதுதான் அது. என் அப்பா எனக்குச் சொன்னார். நானும் அதைக் கேட்டு, உன் அம்மாவின் வீட்டில் எனக்குப் பிடிக்காத கத்தரிக்காய்ப் பால்கறியை முகம் சுளிக்காமல் தின்றேன். மருமகனுக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் போகிற நேரமெல்லாம் அதுதான் கிடைக்கிறது. புத்திமதி கேட்டவனின் கதி இது. ஆனால் கத்தரிக்காய் ஆளைக் கொல்லாது. உன் மாமி காலையில் உனக்கு நீட்டுகிற அந்த முதல் செம்புப் பால் அப்படியில்லை. அதை இன்றைக்கே நிறுத்து. உனக்கு முன் உன் பெண்சாதி கோமளாவை நிறுத்து. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் அந்தப் பட்டி மாடுகளின் பச்சைப் பாலை இன்னும் ஒரு மிடறுகூடக் குடிக்கக் கூடாது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். காரணம் விளங்கிய பிறகு நிறுத்துவோம் என்று இருக்காதே. முதலில் நிறுத்து, பிறகு வாசி.

இந்தத் தாள்களில் அடிக்கிற நாற்றத்துக்கு மன்னித்துக்கொள். இவற்றைக் கருவாட்டுக் கூடையின் அடியில் வைத்துத்தான், இரண்டு கரைக்கும் வியாபாரத்துக்குப் போய்வருகிற வடிவேல் மச்சான் கொண்டுவருகிறார். எந்தக் கரைக் காவலில் நிற்கிற பிள்ளையும் கருவாட்டுக் கூடையை அடிமட்டும் கிளறிப் பார்ப்பதில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. இதோடு இன்னொரு தாளும் வருகிறது. அது அவருடைய சட்டைப் பையில், யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்கிற மாதிரி ஒட்டாத உறையில் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன கிழமை வடிவேல் மச்சான் அந்தக் கரையிலிருந்து திரும்பி வந்து நம் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார். நான் ஒரு பழைய டியூப்பை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்தால் முதலில் என்னை இரண்டு வார்த்தை ஏசிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார். மச்சான் முறை, ஒன்றும் சொல்ல முடியாது.

"என்னகா, இன்னும் ஓட்டைதானா? உன்ட சீவியம் முழுக்க ஓட்டை ஒட்டியே முடியப்போகுது."

"மகனக் கண்டியா?" என்று கேட்டேன்.

"கண்டன். நல்லாத்தான் இரிக்கான். மாப்பிள்ளையெண்டா அப்பிடி ஒரு மாப்பிள்ளை. விடிஞ்சா முதல் செம்புப் பால் அவனுக்குத்தான். மருமகளும் முழுகாம இரிக்கா, அவவுக்கு ரெண்டு வேளை. உனக்கு ஆர் தந்த, கத்தரிக்காய் தவிர?"

உள்ளே இருந்து உன் அம்மா சிரித்துக்கொண்டு வந்தாள். பேரப்பிள்ளை வரப்போகிற செய்தி எங்களுக்கு அப்போதுதான் தெரியும். சீனி இல்லாத நாளிலும் அவருடைய தேத்தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அவர் போகிற போக்கில் சொன்னார்:

"பின்னேரமெண்டா மட்டும் பெடியனுக்குக் கொஞ்சம் குளிருதாம். வயல் வட்டைக்க வெயில்ல நிக்கிற பழக்கம் இல்லத்தானே. டவுன் உடம்பு."

"வேர்க்குதாமா?"

"ஓம், உடுத்த சாரத்தப் பிழிஞ்சு காயப்போடுறானாம். காலம்பற எழும்பினா ஒண்டுமில்ல. ஆளப் பாத்தா பொய்க்காரன் மாதிரி இரிக்கி."

"நாரி, இடுப்பெல்லாம் உளையுதெண்டானா?"

"அதெப்பிடி உனக்குத் தெரியும்?"

டியூப்பைக் கீழே வைத்துவிட்டேன். "மச்சான், பட்டியில மாடு எப்பிடி?"

"அதக் கேளாத. மூண்டு சினைமாடு நாளாகாமலே வயித்துக் கண்ட விழுத்திட்டு. கண்ணூறு எண்டு மாமி சொல்லுறா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "தொடங்காதிங்க. ஆருக்குக் காச்சல் வந்தாலும் உங்களுக்கு உங்கட காச்சல்தான். ஊரில வேற காச்சலே இல்லையா?" என்றாள். இருக்கிறது. மலேரியா இருக்கிறது, நெருப்புக் காய்ச்சல் இருக்கிறது, பயக் காய்ச்சலும் இந்த நாட்களில் நிறைய இருக்கிறது. ஆனால் பின்னேரத்தில் குளிர்ந்து, இரவில் சாரம் பிழிகிற அளவுக்கு வேர்த்து, காலையில் பொய்க்காரனைப் போல எழுந்து உட்கார வைத்து, நாரியை உடைக்கிற காய்ச்சலை நான் உடம்பால் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒழுங்காகத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான்.

உனக்கு அப்போது சின்ன வயது, நினைவு இருக்குமோ தெரியாது. நான் பால் நிலையத்தில் வேலை செய்த காலம். வாவிக்கு அப்பால், இப்போது நீ இருக்கிற படுவான்கரையின் பால் விடியற்காலையில் தோணியில் வந்து இறங்கும். சைக்கிள்காரர் கொண்டுவந்து எங்கள் தொட்டியில் ஊற்றுவார்கள். அந்தத் தொட்டிக்கு இரண்டு சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் சுடுநீர் ஓடும், உள்ளே பால் இருக்கும். நெருப்புக்கும் பாலுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. பால் கொதிக்கவும் மாட்டாது, பொங்கவும் மாட்டாது. கொதிக்கிற தண்ணீரின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, ஆனால் அந்தச் சூட்டிலேயே அரை மணித்தியாலம் பிடித்து வைக்க வேண்டும். பிறகு சட்டென்று குளிர வைக்க வேண்டும். நாங்கள் அதைப் பாச்சர் பண்ணுவது என்போம். யாரோ ஒரு வெள்ளைக்காரர் முதலில் திராட்சைச் சாராயம் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் இதைக் கண்டுபிடித்தாராம். பிறகுதான் பாலுக்கு வந்ததாம். பழச்சாற்றுக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம். குடிகாரருக்காகச் செய்தது குழந்தைகளுக்கு வந்து சேர்ந்தது என்று எங்கள் மனேச்சர் சொல்லுவார். "பாலைக் கொல்லாதை, பாலுக்குள்ள இருக்கிறதைக் கொல்லு" என்பதும் அவர் சொல்வதுதான். என் வேலை, தொட்டியைக் கலக்குவதும் சூட்டுமானியைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதும். அதற்கு எட்டாம் வகுப்பே கொஞ்சம் அதிகம்.

ஊரின் பாலையெல்லாம் இப்படிப் பத்திரமாகச் சூடாக்கி அனுப்பிய நான் என்ன குடித்தேன் தெரியுமா? தொட்டியில் ஊற்றுவதற்கு முன் கேனுக்குள் கோப்பையை விட்டு, நுரையோடு அள்ளிக் குடித்தேன். கறந்த பாலில்தான் சத்து, காய்ச்சினால் போய்விடும் என்று எனக்கு நானே பெரிய வைத்தியர். பக்கத்திலேயே மருந்து, நான் நஞ்சைக் குடித்துக்கொண்டு நிற்கிறேன். மருதாணி அரைக்கிறவளின் கையாவது சிவக்கும், எனக்கு அதுவும் இல்லை. காய்ச்சல் வந்தது. போனது. வந்தது. மலேரியாவென்று குளிசை தந்தார்கள், கசந்ததுதான் மிச்சம். அம்மா நூல் கட்டினாள். காலையில் நன்றாக இருப்பதால் வேலைக்குப் போகப் பஞ்சி, சோம்பல் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்களில் அம்மாவும் ஒருத்தி. கடைசியில் ஆசுபத்திரியில் ஒரு டாக்குத்தர் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்:

"என்ன வேலை ஐயா?"

"பால் காய்ச்சுற வேலை."

"காய்ச்சினதைக் குடிக்கிறனீங்களோ, காய்ச்சாததையோ?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்தான். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, புருசெல்லா என்று நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். மாட்டுக்கு வந்தால் கன்றை விழுத்தும். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மனிதனுக்கு இப்படி வந்துவந்து போகும். பால் புளிக்காது, திரையாது, நாறாது. நல்ல பாலைப் போலவே இனிக்கும். அதுதான் அதன் துரோகம். இரண்டு விதக் குளிசையைக் கிழமைக்கணக்கில் விழுங்கித்தான் எழும்பினேன்.

வடிவேல் மச்சான் போன கையோடு நான் அந்த ஆசுபத்திரிக்குத்தான் சைக்கிளை விட்டேன். பழைய டாக்குத்தர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். இப்போது இருப்பவர் இளம் பிள்ளை, கண் முழுக்க நித்திரை. ஒரே ஆள் மூன்று பேரின் வேலையைப் பார்க்கிறார். மாடு கன்று விழுத்திய கதையையும் உன் காய்ச்சலையும் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். மாட்டுக்கு ஆவது மனிதருக்கும் ஆகுமோ என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஆகுறதில்ல. ஆனா ஆகலாம்" என்றார். மகன், அந்த "ஆகலாம்" என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நான் பாலத்தால் நம் கல்லடிக்குத் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்திருந்தால், காவலில் நின்றவர்கள் என்னைச் சுட்டிருப்பார்கள். நல்ல வேளை, செயின் கழன்றுவிட்டது. இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன்.

உன் மாமி பொல்லாதவர் அல்ல. அதை முதலில் சொல்ல வேண்டும். மேய்ச்சல் தரைக்கு மாடு திருப்பப் போன புருசன் திரும்பி வராத பிறகு, ஒற்றைப் பெண்ணாக அந்தப் பட்டியைக் காத்து மகளை வளர்த்தவர். அவர்கள் பட்டிக்கு ஒரு வழக்கம் இருக்கிறதென்று கலியாணப் பேச்சிலேயே எனக்குச் சொன்னார்கள். சினைமாடு கன்றை விழுத்தினால், மேய்ச்சல் தரை வைரவருக்கு மடை வைத்துப் படைக்கும்வரை அந்தப் பட்டிப் பாலை அடுப்பில் ஏற்றுவதில்லை. ஏற்றி, பொங்கி, ஒரு சொட்டு நெருப்பில் விழுந்துவிட்டால் மிச்ச மாடுகளின் மடி வெந்து அடுத்த கன்றும் விழும் என்பது நம்பிக்கை. முந்தி இது ஒரு கிழமைக் கதை. மடை வைப்பார்கள், மறுநாள் பால் அடுப்பேறும், தயிரும் தோயும். இப்போது மேய்ச்சல் தரைப் பக்கம் ஈ காக்கையும் போக முடியாது. வைரவர் ஒரு பக்கம், மடை வைக்கிறவர் ஒரு பக்கம், நடுவில் படை முகாம். அதனால் மாதக்கணக்காக அந்த வீட்டில் பால் அடுப்பேறவில்லை. எந்தப் பாலைக் கட்டாயம் சூடாக்க வேண்டுமோ அந்தப் பாலைத்தான் சூடாக்காமல் குடிக்கிறீர்கள். தயிரும் இல்லை, விற்பனையும் இல்லை, வீணாக்கவும் மனமில்லை. ஆகவே வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இரண்டு வேளை. அன்பால் செய்வதுதான் எல்லாம். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயமாக இருக்கிறது. பகையால் செய்தால் தடுப்பது சுலபம்.

உன்னை எனக்குத் தெரியும். புது மருமகன், அதுவும் வாய் இல்லாதவன். மாமியின் அடுக்களைக்குள் நின்று "உங்கட பால் சரியில்ல" என்று சொல்ல உன்னால் ஒண்ணாது. என்னாலும் முடிந்திருக்காது, கத்தரிக்காயே சாட்சி. ஆனால் அந்த வீட்டில் கடிதம் வந்தால் எல்லோரும் கூடி இருந்து வாசிக்கக் கேட்பார்கள் என்று நீதான் ஒரு முறை எழுதினாய். அதற்காகத்தான் அந்த மற்றத் தாள். நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வாசித்தால் போதும். தகப்பனின் கடிதத்தை வாசிக்கிற மகனை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், குற்றமெல்லாம் எழுதினவனுக்கு. வழியில் அது தொலைந்தாலும் என்று, அதில் உள்ளதை இங்கேயும் ஒரு முறை எழுதிவிடுகிறேன். தொலைந்தால் இதிலிருந்து வாசி, ஆனால் சபையில் வாசிக்க வேண்டியது இந்தப் பகுதி மட்டும்:

"அன்புள்ள மகன், நாங்கள் சுகம். வழியில் இதைப் பிரித்து வாசிக்கிற தம்பிக்கும், அவர் எந்தக் கரைத் தம்பியாக இருந்தாலும், எங்கள் அன்பு. தம்பி, இதில் சூடாக்கு, பொங்கும், அரை மணித்தியாலம் என்றெல்லாம் வரும். பயப்படாதேங்கோ, இது பால் காய்ச்சுகிற விசயம். உங்களுக்காகவே சூட்டின் இலக்கம் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மகன், இந்தக் கடிதம் உன் மாமிக்குத்தான். தங்கச்சி, பேரப்பிள்ளைச் செய்தி கேட்டு எங்களுக்குக் கால் நிலத்தில் இல்லை. பட்டியில் கன்று விழுந்ததையும் கேள்விப்பட்டோம். அது உங்கள் பட்டியின் குறையும் இல்லை, கண்ணூறும் இல்லை. சனம் இடம்பெயர்ந்து ஓடிய நேரம் நாலு ஊர் மாடும் ஒரே தரையில் கலந்து மேய்ந்தன அல்லவா? அப்போது தொற்றியதாக இருக்கும். மாடு பேசாது, நம்மைப் போலத்தான் அகதியாகப் போய் வருத்தத்தோடு திரும்பியிருக்கும். உங்கள் தாய் தகப்பன் பச்சைப் பாலைக் குடித்து நல்லாக இருந்தது உண்மைதான். அந்த நாளில் பட்டியில் இந்த வருத்தம் இருந்திராது. இப்போது வந்திருக்கும் போல இருக்கிறது. இதே வருத்தம் இருந்த மாட்டின் பாலைக் குடித்து மாதக்கணக்கில் கிடந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

மடை வைக்காமல் பாலை அடுப்பில் ஏற்றச் சொல்ல நான் யார்? ஏற்ற வேண்டாம். தண்ணீரை ஏற்றுங்கள். பெரிய பானையில் தண்ணீர் விட்டு, அடியில் ஓட்டுத் துண்டு இரண்டைப் போட்டு, அதன் மேல் பால் உள்ள பாத்திரத்தை மூடி வையுங்கள். வெளியே உள்ள தண்ணீர் பாலின் மட்டத்துக்கு நிற்க வேண்டும். அடுப்பில் இருப்பது பானை, கொதிப்பது தண்ணீர். பால் தண்ணீருக்குள் இருக்கிறது. அது பொங்காது, வழியாது, ஒரு சொட்டும் நெருப்பைக் காணாது. நாங்கள் நிலையத்தில் செய்தது இதைத்தான். அங்கே சூட்டுமானி இருந்தது, இங்கே இல்லை. ஆகவே நாங்கள் செய்ததைவிடக் கூடுதலாகச் சூடாக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கி, பால் பாத்திரத்திலும் நல்லாக ஆவி வந்த பிறகு, மகனின் கைக்கடிகாரத்தில் அரை மணித்தியாலம் வைத்திருங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடைக்கிடை பாலைக் கலக்குங்கள். கலக்குகிற அகப்பையை வெளியே எடுத்து வேறெதிலும் வைக்காமல் அதற்குள்ளேயே விட்டுவிடுங்கள். பிறகு பாத்திரத்தை மூடியபடி இறக்கி, கிணற்றுத் தண்ணீர் உள்ள சட்டியில் வையுங்கள், அந்தத் தண்ணீரைச் சூடேறச் சூடேற மாற்றுங்கள். குடிக்கிற செம்பையும் கொதிதண்ணீரால் கழுவ வேண்டும். சூடாக்கிய பாலில் ஒரு சொட்டுப் பச்சைப் பால் விழுந்தாலும் செய்ததெல்லாம் வாவியில் ஊற்றியதற்குச் சமன்.

கன்று விழுந்த இடத்துக்குப் பிள்ளை கோமளா போகக் கூடாது. விழுந்ததை ஆழமாகப் புதைக்க வேண்டும், வெறுங்கையால் தொடக் கூடாது, தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அந்த மூன்று மாட்டையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

தங்கச்சி, இப்படிச் செய்வதற்கு வைரவர் ஒத்துக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. உங்களோடு அவர் பல காலம், நீங்கள் கேட்டுப் பாருங்கள். மேய்ச்சல் தரைக்குப் போகலாம் என்ற நாளில் மடைக்கு விறகு சுமந்துகொண்டு நான் வருவேன். கோபம் வந்தால் அன்றைக்கு என்னை ஏசுங்கள். இன்றைக்கு உலையை வையுங்கள்."

சபையில் வாசிக்க வேண்டியது இவ்வளவுதான். இனிமேல் வருவது உனக்கு மட்டும்.

மாமி சம்மதித்தால் நல்லது. அவர் யோசிப்பதற்கு நாள் எடுத்தால், அந்த நாட்களில் நீயும் கோமளாவும் பாலே குடிக்கக் கூடாது. மனம் நோகும் என்று பார்க்காதே. செம்பை வாங்கி, ஆட்கள் பார்க்க வாயருகே கொண்டுபோய், பிறகு யாரும் காணாமல் ஊற்றிவிடு. அதற்கும் உனக்குத் துணிவு வராது என்றால், கோமளாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவள் அந்த வீட்டு மகள். தாயோடு சண்டை பிடிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது, உனக்கு இல்லை. அவள் பயப்படுவாள் என்று மறைக்காதே. உன் அம்மாவிடம் நான் மறைத்த எதையும் நான் வாய் திறக்க முன் அவள் கண்டுபிடித்தாள், பயம் இரட்டிப்பானதுதான் கண்ட பலன்.

ஆனால் மகன், பாலைச் சூடாக்குவது இனிக் குடிக்கப்போகிற பாலுக்குத்தான். இதுவரை உடம்புக்குள் போனதை எந்த உலையும் திருப்பிச் சூடாக்காது. நீ குடித்திருக்கிறாய், உன் உடம்பு பின்னேரத்தில் அதைச் சொல்கிறது. அவளும் குடித்திருக்கிறாள், அவளுக்கு இன்னும் காய்ச்சல் வரவில்லை என்றுதான் மச்சான் சொன்னார். வராமலும் போகலாம். ஆனால் காய்ச்சல் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் வந்து இரத்தம் காட்ட வேண்டும். கடைக் குளிசை ஒன்றும் அவளுக்கு வாங்கிக் கொடுக்காதே. பிள்ளை இருக்கிற வயிற்றுக்கு எது தரலாம், எது தரக் கூடாது என்று அவர்தான் பார்த்துத் தருவார்.

நானே வந்து கூட்டிக்கொண்டு வரலாம் என்று துறைக்குப் போனேன். காவலில் நின்ற ஆமிப் பெடியனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"என்ன காரணம்?"

"பால் ஐயா."

"பால்? அங்க பால் இல்லையா?"

"இரிக்கு ஐயா. அதான் பிரச்சினை."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, வெயில் தலைக்கு ஏறியிருக்கும் என்று நினைத்துத் தன் போத்தலில் இருந்து தண்ணீர் தந்து திருப்பி அனுப்பிவிட்டான். நல்ல பிள்ளை. ஆனால் வழி விடவில்லை. உன் பக்கத்திலும் இயக்கப் பெடியன்களிடம் பாஸ் கேட்டால் இதே கதைதான் நடக்கும். ஆடிக் காய்ச்சலோ, வாடைக் காய்ச்சலோ, அங்கேயே மருந்தெடு என்பார்கள். இன்னும் காணாத நோய்க்கு யார் பாஸ் தருவார்கள்? இரண்டு கரையிலும் கேள்வி கேட்காமல் வழி விடுகிற காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்று வடிவேல் மச்சான் சொல்கிறார். அவருக்கு அனுபவம் அதிகம். தகப்பன் சாகக் கிடந்தால் மகனை விடுவார்கள், மருமகளையும் விடுவார்கள்.

ஆகவே மகன், நான் சாகக் கிடக்கிறேன். மச்சான் உன் மாமி வீட்டு முற்றத்தில் வந்து எல்லோருக்கும் முன்னால் அப்படித்தான் சொல்லப் போகிறார். அதற்கு முன் நீ கருவாட்டுக் கூடையைக் கிளறியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீ அழுதுவிடுவாய். அழுதாலும் பாதகமில்லை, பாஸ் எடுக்கப் போகிற இடத்தில் உதவும். என்ன நோய் என்று கேட்டால் பழைய காய்ச்சல் திரும்பிவிட்டது, நாரி எழும்ப விடவில்லை என்று சொல். முழுப் பொய் இல்லை, நாரி உளையத்தான் செய்கிறது. அந்த மற்றத் தாளில் சுகம் என்று இருக்கிறதே என்று யாராவது கேட்டால், அது நான் படுக்கையில் விழ முன் எழுதியது என்று சொல். கண் மூட முன் மருமகளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று தகப்பன் கேட்டதாகச் சொல். அதில் ஒரு சொட்டும் பொய் இல்லை.

நாளையிலிருந்து நான் முன் அறையில் படுத்துவிடுகிறேன். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லியாயிற்று. இரண்டு பேர் ஏற்கெனவே இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், குற்ற உணர்ச்சியோடு குடித்தேன். உன்னைக் கூட்டிவர நான் துறைக்கு வர முடியாது. சாகக் கிடக்கிறவன் துறையில் நிற்கக் கூடாது. அம்மா வந்து நிற்பாள். தோணி விடுகிற ஒவ்வொரு நாளும் வந்து நிற்பாள். ஆட்கள் பார்க்கிற மாதிரிக் கொஞ்சம் அழுதுகொண்டு நில் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கிறாளில்லை.

"சும்மா கிடக்கிற மனிசனுக்கு நான் அழமாட்டன்" என்கிறாள். "அந்தப் பிள்ளை தோணியால இறங்கிக் கரையில காலை வைக்கட்டும். அவட வயித்தத் தொட்டுப் பாத்துப்போட்டு அழுறன்."

சீக்கிரம் வாருங்கள்.

சாகக் கிடக்கும்,
உன் அப்பா